சித்தியின் வலது கால்

என் சித்தியோடு பஸ்ஸில் போவதைவிட நடந்து போவது மேல். முன்னால் டிரைவர் என்று ஒருத்தர் இருக்கிறார், அவர் காலடியில் பிரேக் இருக்கிறது, அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதெல்லாம் சித்திக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு தரையை மிதிப்பாள். எதிரே சைக்கிள் வந்தால் ஒரு மிதி. நாய் குறுக்கே போகலாமா என்று யோசித்தால் ஒரு மிதி. ஒருமுறை முன் சீட்டுக்காரர் காலடியில் வைத்திருந்த தக்காளிப் பையை மிதித்துக் கூழாக்கிவிட்டாள். அந்த மனிதர் பையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எந்தத் தப்பு நடந்தாலும் உலகம் என்னைத்தான் பார்க்கும். என் முகராசி அப்படி.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்காத மாதிரி சொன்னாள். எங்களோடுதான் இருக்கிறாள். இரண்டு அறை வீட்டில் ஓர் அறை அம்மா அப்பாவுக்கு, இன்னொன்று எனக்கும் சித்திக்கும் ஓர் உடைந்த ஃபேனுக்கும்.

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தருவதுதான் சித்தியின் வேலை. அந்த வண்டிகளில் ஓட்டுகிறவருக்கு இருக்கிற மாதிரியே பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் சொல்லித்தருகிறவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த இருக்கைதான் சித்திக்கு ராஜ சிம்மாசனம். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, வண்டி உங்களதுதான், ரோடு உங்க மாமனார் வீட்டுதில்ல" என்று அவள் சொல்கிற அழகைப் பார்க்கவே நான் ஸ்கூல் வாசலில் நின்றிருக்கிறேன்.

நானா? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன். பதினெட்டு முடிந்ததும் சித்தியிடமே வண்டி பழகச் சேர்ந்தேன். சொந்தக்காரி என்பதால் முதலாளி கட்டணத்தைக் குறைக்கவில்லை. அவருக்கு நான் வைத்த பேர் ஹாரன். பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசினாலும் தெருமுனையில் இருக்கிற ஆள் ஒதுங்குவார்.

போன மழைக்காலத்தில்தான் வினை தொடங்கியது. நன்றாக ஓட்டுகிற ஒரு காலேஜ் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். நன்றாக ஓட்டுகிறானே என்று சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கடையின் புதுப் பலகையைப் படித்திருக்கிறாள். அந்த ஒரு பலகை நேரத்தில் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருத்தரைப் பையன் இடித்துவிட்டான். அவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஆறிவிட்டது, இப்போது அதே சைக்கிளில்தான் போகிறார். சித்தியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் மேல தப்பில்லம்மா" என்று அந்தப் பெரியவரே சொல்லிவிட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். யாராவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். எல்லாரும் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள், பாவி ஜனங்கள். இவளுக்கு அழ ஓர் இடம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் சித்தியிடம் பழகினவர்கள் ஒவ்வொருத்தராக டெஸ்டில் தோற்க ஆரம்பித்தார்கள். அவளோடு ஓட்டும்போது எல்லாரும் பிரமாதமாக ஓட்டினார்கள். டெஸ்ட் அன்று பக்கத்து இருக்கையில் அதிகாரி உட்காருவார், அவ்வளவுதான், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஹாரன் ஆபீஸ் அறையிலிருந்து கத்தியது வெளியே டீக்கடை வரை கேட்டது. சித்திக்கு என்னவோ பதட்டம் என்று சொல்லி, எல்லா ஊழியர்களையும் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

அந்த வகுப்பைப் பற்றி சித்தி வீட்டில் வந்து சொன்னாள். கோட்டு போட்ட ஒருத்தர், மனசை உறுதியாக்குவது எப்படி என்று பேசினாராம். தன்னைத் தானே அறிந்தவனை எந்தப் புயலும் சாய்க்காதாம். "உங்க வாழ்க்கையில எதை விடவே மாட்டீங்க, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று ஒவ்வொருத்தரையாகக் கேட்டிருக்கிறார். ஒருத்தர் நேர்மை என்றார். ஒருத்தர் குடும்பம் என்றார். சித்தி வாயிலிருந்து "பிரேக்" என்று வந்துவிட்டதாம். அறையே சிரித்திருக்கிறது.

"நீயும் சிரிக்க வேண்டியதுதானே" என்றேன்.

"சிரிச்சேன். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன்னு புரியல." பாதி சாப்பாட்டில் கை கழுவப் போய்விட்டாள்.

அம்மா என்னை முறைத்தாள். "சாப்பிடறவளை எழுப்பி விடறதே உனக்கு வேலை."

நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு வரிக்கு. எங்கள் வீட்டில் அதுவே அதிகம்.

அந்தச் சமயம் சித்தியிடம் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு தையல்கார அக்கா. பெரிய துணிக்கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவர். தைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பழைய வேனையும் வாங்கிவிட்டார். அது அவர் வீட்டு வாசலில் நின்று, பூனைகளுக்குப் பிரசவ அறையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. டெஸ்டில் தோற்றுத் தோற்று அந்த அக்கா வாய் கூர்மையாகிவிட்டது. ஏற்கெனவே ஊசி, கேட்கவா வேண்டும்.

"டீச்சர், உங்ககிட்ட ஓட்டும்போது நிக்குது. அந்த ஆபீசர் உக்காந்தா நிக்க மாட்டேங்குது. வண்டிக்கு ஆள் தெரியுமா?"

"பதட்டப்படறீங்கக்கா" என்றாள் சித்தி.

"பதட்டமா? ஒரு பொண்ணோட கல்யாண உடுப்பை அவ கார்ல ஏற வரும்போது தைச்சுக் கொடுத்தவ நான்."

ஹாரன் ஒரு கெடு வைத்தார். இந்தத் தடவையும் தையல்கார அக்கா தோற்றால் சித்தி வண்டியில் ஏறக் கூடாது. ஆபீஸில் உட்கார்ந்து ஃபோன் எடுக்க வேண்டும். "சம்பளம் அதேதான்மா, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல" என்று தெருவுக்கே அறிவித்தார். சித்தி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாரம் ஹாரனின் சுழல் நாற்காலியில் ஒரு சக்கரம் காணாமல் போனது. எனக்கு எதுவும் தெரியாது.

ஒரே வகுப்பில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பின்னால் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பார். தையல்கார அக்காவும் நானும் ஜோடி. வண்டிக்குள் இருந்த முகங்களைப் பார்த்தால் இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகளுடைய செருப்பில், நடந்தால் கீச்கீச்சென்று கத்துகிற ஒரு சின்ன ரப்பர் வில்லை இருக்குமே, அதில் ஒன்றைப் பிரித்தெடுத்தேன். கடையில் இருக்கிற ஒட்டுநாடாவால் அதை சித்தியின் பிரேக் மிதியின் மேல் தட்டையாக ஒட்டினேன். மிதிப்பதற்கு எந்தத் தடையும் வராது, சோதித்துப் பார்த்துதான் ஒட்டினேன். எப்போதாவது ஒரு தடவை கத்தும், மூன்று பேரும் சிரிப்போம். என் திட்டம் அவ்வளவுதான்.

தெருமுனை வந்தது. கீச்.

அடுத்தது பள்ளிக்கூடத்துத் திருப்பம். கீச். சிக்னல். கீச். ஒரு பாட்டில் உருண்டு வந்தது. கீச். தையல்கார அக்கா கால் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கீச். வண்டி எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் கத்தியது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது கீச்சில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தையல்கார அக்கா வண்டியை ஓரங்கட்டினார். அதற்கும் ஒரு கீச்.

"டீச்சர், உங்க காலை எடுங்க."

சித்தி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. தன் கால் அங்கே இருப்பது அவளுக்கே தெரியவில்லை.

"இத்தனை நாளும் நிறுத்தினது நீங்களா?"

"இல்லக்கா, நான் எப்பவாவதுதான்..."

"பஞ்சு மாதிரி மிதிக்கிறீங்க, எனக்கே தெரியாத மாதிரி. நான்தான் நிறுத்தறேன்னு நம்பிக்கிட்டு, பவுசா போய் டெஸ்ட்ல உக்காந்தேன். ஆபீசர் சிரிக்கிறான். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வேன்ல இருக்கிற பூனை சிரிக்குது. நீங்க எனக்கு நல்லது பண்றீங்களா, இல்ல வேற ஏதாவதா?"

தையல்கார அக்கா கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே நடந்தே போய்விட்டார். மிச்ச தூரம் நான் ஓட்டினேன். கீச், கீச் என்று வந்துகொண்டே இருந்தது. "அதைப் பிய்ச்சுடவா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றாள்.

வீட்டில் ஒரு பெரிய வசவை எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதிலாக, "நாளைக்குப் பின்னாடி உக்காந்து என் காலைப் பாரு. வேற எதையும் பார்க்காத" என்றாள்.

மறுநாள் வேறொருத்தர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அதைவிட வெறுப்பேற்றுகிற வேலை உலகத்தில் இல்லை. "கால் போகுது" என்பேன். "போகல" என்பாள். கீச் என்று கத்தும். "போச்சு" என்பேன். செருப்பைக் கழற்றிப் பார்த்தாள், வெறும் கால் இன்னும் வேகமாகப் போனது. தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், கையையும் தூக்கிக்கொண்டு கால் போனது. காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். ஒரு திருப்பம்தான் தாங்கினாள்.

"இது தைரியம் இல்லடி, அலட்சியம்" என்று காலை இறக்கிவிட்டாள். "ஒரு குழந்தை ஓடி வந்தா? காலை மடக்கி வச்சுகிட்டு வேடிக்கை பார்க்கவா எனக்குச் சம்பளம்?"

"அப்ப மிதி."

"மிதிச்சா அவங்க எப்படிக் கத்துப்பாங்க?"

"அப்ப மிதிக்காத."

"உன்கிட்ட கேட்டேன் பாரு."

இரண்டு பேரும் வீடு வந்தோம். எனக்கு அவள் மேல் கோபம், ஹாரன் மேல் கோபம், எலும்பு முறிந்தும் தப்பில்லை என்று சொன்ன அந்தப் பெரியவர் மேலும் கோபம். காலை வெட்டியா போட முடியும்?

துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சித்தி பேசினாள். என்னோடு பேசினாளா, என் சட்டையோடு பேசினாளா தெரியாது, அதைத்தான் கையில் வைத்திருந்தாள்.

"பயந்துட்டேன். அது பரவாயில்ல, எந்தக் காலும் பயப்படும். எனக்கு நெஞ்சுல குத்தறது வேற. நான் நிறுத்தினதை அவங்க நிறுத்தினதா நம்ப விட்டேன் பாரு. யாரையும் ஏமாத்த மாட்டேன்னு நினைச்சுகிட்டு, தினமும் ஏமாத்தியிருக்கேன். பொறுமையான டீச்சர்னு பேரு வேற."

"தெரிஞ்சா பண்ணின?"

"தெரியாம பண்ணினா ஏமாத்து இல்லையா? அந்த அக்கா தோத்தது நிஜம்தானே."

பதில் தெரியாவிட்டால் கிண்டல் பண்ணுவது என் வழக்கம். அன்றைக்கு அதுவும் வரவில்லை, என் சட்டையைப் பிடுங்கி நானே மடித்தேன். கோணல்மாணலாக மடித்ததற்குத் திட்டு வாங்கினேன்.

மறுநாள் சித்தி தையல்கார அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை. அக்கா தைத்துக்கொண்டே பேசினார். மோட்டார் வைத்த மெஷின், மிதித்தால் பறக்கும், காலை எடுத்தால் சட்டென்று நிற்கும்.

"என் கால் முந்துதுக்கா. அதை நிறுத்த இப்போதைக்கு என்னால முடியல. அந்தக் கீச்சைப் பிச்சுட்டேன், இனி மிதிச்சா நானே வாய்விட்டுச் சொல்றேன். 'நான்'னு சொல்வேன். சொல்லாம வண்டி நின்னா அது நீங்க நிறுத்தினது. இந்தக் கணக்குல ஓட்ட இஷ்டமா?"

"ஒவ்வொரு தெருவுலயும் நான் நான்னு கத்துவீங்களா?"

"கத்த வேண்டி வரும்."

தையல்கார அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என் வீட்டுக்காரரும் இருபத்துநாலு மணி நேரமும் நான் நான்னுதான் கத்தறார். பழகிருச்சு. வாங்க."

முதல் வகுப்பு ஒரு கூத்து. நான், நான், நான் என்று தெரு முழுக்க. சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சித்திக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. ஆனாலும் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விழுங்கவில்லை. தன் கால் போவது அவளுக்கே வாயால் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாளாக ஆக, சொல்லும்போதே தெரிந்தது. ஒருநாள் "நா..." என்று பாதியில் நிறுத்திக் காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

அன்றைக்குத்தான் மூன்று பேரும் செத்துப் பிழைத்தோம். நல்ல வேளை, மூடிக் கிடந்த ஒரு பெரிய கடையின் வெற்று வண்டி நிறுத்தம் அது. எதிரே சுவர். சித்தி காலை இழுத்துக்கொண்டாள். தையல்கார அக்கா இரண்டு காலையும் அப்படியே மேலே தூக்கிவிட்டார். வண்டி தன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்து உருண்டது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காலைத் தூக்கியபடி, அது நிற்கும் என்று காத்திருக்கிறார்.

"நான்" என்று சித்தி மிதித்தாள். சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

"ஏன்க்கா காலைத் தூக்கினீங்க?"

"நிறுத்தத்தான்."

"தூக்கினா எப்படி நிக்கும்?"

தையல்கார அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தார். சித்தி தன் காலைப் பார்த்தாளே, அதே பார்வை. "மெஷின் நிக்குமே" என்றார் மெதுவாக.

அவ்வளவு வருஷத் தையல். நிறுத்த வேண்டும் என்றால் அந்தக் கால் தூக்கத்தான் தூக்கும். சித்தி மூடி மூடி வைத்ததில் அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது. ஒரு கால் பயத்தில் முந்துகிறது, இன்னொரு கால் பழக்கத்தில் எகிறுகிறது, இரண்டுக்கும் நடுவில் என் உயிர். இதைச் சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்த முதல் விஷயம் அதுதான்.

அப்புறம் அதே நிறுத்தத்தில் திரும்பத் திரும்ப ஓட்டி, சுவரைப் பார்த்து வந்து நின்றார்கள். வகுப்பெல்லாம் அதிலேயே போனது. கடைசியில் அக்கா தானாக மிதித்து நிறுத்தினார். குலுக்கிய குலுக்கலில் முன் சீட்டில் என் நெற்றி இடித்து வீங்கியது. சித்தி 'நான்' என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. "நீங்க சொல்லல" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "சொல்லலக்கா." "நிஜமா?" "கால் தரையில இருக்கு, பாருங்க." என் நெற்றியை யாரும் பார்க்கவில்லை.

டெஸ்டில் அக்கா எல்லா இடத்திலும் நிறுத்தினார். பின்னால் எடுக்கும்போது, ஓரத்தில் நட்டிருந்த கம்பத்தைச் சாய்த்துவிட்டுத் தோற்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நிறுத்துவதில் இத்தனை பாடுபட்டதில், பின்னால் எடுப்பதை ஒருத்தரும் நினைக்கவில்லை. ஹாரனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? தோற்றால் தோற்றதுதான். சித்தியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் நானும் தையல்கார அக்காவும். உள்ளே பேசுவதைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டிய அவசியமில்லை.

"சொன்னா சொன்னதுதாம்மா. சாவியை வை."

"வைக்கிறேன் சார். ஆனா எதுக்குத் தோத்தாங்கன்னு ஆபீசர்கிட்ட கேட்டீங்களா?"

"உனக்குக் கால் சரியில்லன்னு ஊரே சொல்லுது. 'நான் நான்'னு கத்தற டீச்சரை வச்சு நான் எப்படிக் கடை நடத்த?"

"கால் சரியில்லதான். அது எனக்குத் தெரியாம இருந்தப்ப உங்க ஆளுங்க வரிசையா தோத்தாங்க. நீங்க என்னைப் பொறுமைசாலின்னு புகழ்ந்தீங்க. இப்ப தெரியும். எப்ப முந்துதுன்னு தெரியும், முந்தினா சொல்றேன். சொல்லாம ஒளிக்கிறதை மட்டும் இனிமே பண்ண மாட்டேன். அதுக்காக என்னைத் தூக்கறதா இருந்தா தூக்குங்க, பதட்டம்னு மட்டும் பேர் வைக்காதீங்க."

சித்தி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தையல்கார அக்கா எழுந்து உள்ளே போனார். "சத்தம் போடத்தான் சார் வந்தேன். எனக்கு முன்னாடி இடம் பிடிச்சுட்டீங்க. ரிவர்ஸ் எனக்கு வரல. எனக்கு எது வரலன்னு மொதல் தடவையா தெரியுது. இவங்ககிட்டதான் பழகுவேன். இவங்களை ஃபோன்ல உக்கார வச்சா, ஃபோன்லயே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, நான் ஓட்டறேன். கம்பத்துக்கு நீங்க பொறுப்பு."

ஹாரன் முதல்முறையாக மெதுவாகப் பேசினார், அதனால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கடைசியில் முடிவு இதுதான். காலையில் சித்தி வண்டியில், மதியத்துக்கு மேல் ஃபோனில். பாதி சிம்மாசனம். எனக்கு இன்றைக்கும் அது பிடிக்கவில்லை. பெரிய மனசு பண்ணிவிட்டதாக ஹாரன் நினைத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

சித்தியிடம் சொன்னேன். "பாதியை எதுக்கு வாங்கின? முழுசாக் கேட்டிருக்கணும்."

"காலும் இன்னும் பாதிதான்டி வந்திருக்கு" என்றாள். எரிச்சலாக இருந்தது.

ஒரு மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கொண்டுபோகச் சொன்னது அம்மா என்று சொன்னேன், அது பொய். சித்தி காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர் மேசையில் ஹாரன்.

"காலையில ஒரு டீச்சர் இருக்காங்க. ஆனா ஒண்ணு, அவங்களுக்கு பிரேக்ல கால் கொஞ்சம் முந்தும். முந்தினா மறைக்காம சொல்லிடுவாங்க. அது உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சாயங்காலம் வேற சார் இருக்காரு, அவர்கிட்ட வரலாம்."

ஹாரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ.

"ஆமாங்க, அது நான்தான்" என்றாள் சித்தி. "காலையில வர்றீங்களா?"